விலகும் வேளை

1797ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கேனரித் தீவுகளுள் ஒன்றான டெனரீஃபைத் தாக்கச் சென்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹொரேஷியோ நெல்சனின் வலக்கையில், முழங்கைக்குச் சற்று மேலே துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அன்றிரவே கப்பலில் வைத்து அக்கையைத் துண்டித்தார்கள். மயக்க மருந்து அறியப்படாத காலம். அறுவை விரைவில் முடிந்துவிட்டது. துன்பமோ முடியவில்லை. குருதி பெருகாதபடி இரத்தக் குழாய்களைக் கட்டிய பட்டு நூல்களுள் ஒன்று, அருகிலிருந்த நரம்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் கருதப்பட்டது.

அக்கால வழக்கம் நமக்கு வியப்பளிக்கும். குழாயைக் கட்டிய பின் நூலின் முனையை நறுக்கமாட்டார்கள். புண்ணுக்கு வெளியே நீளமாகத் தொங்கவிடுவார்கள். உள்ளே சீழ் பிடித்து, கட்டுண்ட குழாயின் நுனி அழுகும்போது நூல் கழன்று வரும் என்பது எதிர்பார்ப்பு. கழன்றுவிட்டதா என்று அறிய மருத்துவர் அவ்வப்போது நூலை மெல்ல இழுத்துப் பார்ப்பார். முன்னதாகக் கழன்றால் குருதி பெருகி நோயாளி இறக்கக்கூடும். கழலாமலே இருந்தால் புண் ஆறாது. நெல்சனுடைய நூல் நான்கு மாதங்களுக்கு மேல் கழலவில்லை. தாய்நாடு திரும்பி, இரவு உறக்கத்துக்காக அபினிச் சாறு அருந்தி, அவர் அந்நூலுக்காகக் காத்திருந்தார். டிசம்பர்த் தொடக்கத்தில் அது தானாக வந்துவிட்டது. புண்ணும் விரைவில் மூடிற்று. அதே திங்கள் 8ஆம் நாள், இலண்டன் ஹானோவர் சதுக்கத்தில் உள்ள புனித ஜார்ஜ் ஆலயத்தில், கடுங்காயத்திலிருந்து நலம்பெற்ற ஓர் அலுவலர் இறைவனுக்கு நன்றி செலுத்த விரும்புவதாகப் பெயர் குறிப்பிடாத ஒரு சீட்டு குருவானவரிடம் தரப்பட்டது. அதைத் தந்தவர் நெல்சன்.

பகைவரின் குண்டு செய்த தீங்கு ஒரே இரவில் முடிந்தது. நன்மைக்காக உள்ளே வைக்கப்பட்ட நூலோ, தன் வேலை முடிந்த பின்னும் போகாமல் மாதக்கணக்கில் வருத்திற்று. உடலுக்குள் நாம் வைக்கும் பொருள் எப்போது விலக வேண்டும், அந்த வேளையை யார் குறிப்பது என்ற வினா மருத்துவ வரலாற்றில் மிகப் பழையது. இன்று ‘உடலில் கரையும் நானோ கலப்புப் பொருள்கள்’ என்று ஆய்வுக்கூடங்களில் பேசப்படுவது, அந்த வினாவுக்குக் கிடைத்துள்ள அண்மைக்கால விடைகளுள் ஒன்றே. அதன் பெயர் புதிது, வினா பழையது.

பண்டைய மருத்துவர்கள் நிலைத்த பொருளையே நாடினார்கள். சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் சணல், நார், மயிர், தசைநாண் எனத் தையலுக்கான பல பொருள்களைச் சொல்கிறது. கிழிந்த குடலின் வாயைப் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கவைத்து மூடி, உடலைக் கிள்ளி எறிந்து தலையை மட்டும் விட்டுவிடும் முறையையும் சொல்கிறது. (குடலுக்குள் விடப்படும் எறும்புத் தலை நாளடைவில் என்னவாகும் என்று அவர்கள் எண்ணியிருக்கத்தான் வேண்டும்.) பெர்காமு நகரில் வாட்போர் வீரர்களுக்கு மருத்துவம் பார்த்துப் பின்னர் உரோமைக்கு வந்த காலென், கி.பி. 2ஆம் நூற்றாண்டில், எளிதில் மக்காத நூலையே கட்டுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். பட்டு கிடைக்கும் இடத்தில் பட்டு. கிடைக்காத இடத்தில் மெல்லிய குடல் நூல். ஆக, பிற்காலத்தில் பெரும்புகழ் அடைந்த குடல் நூல், காலெனுக்கு ஓர் இரண்டாம் தரப் பொருளாகவே தெரிந்தது.

அந்நூலின் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் வழங்கிய ‘கேட்கட்’ என்னும் பெயரைக் கேட்டுப் பூனைக்குடல் என்று மயங்குவோர் உண்டு. உண்மையில் அது ஆட்டின் அல்லது மாட்டின் சிறுகுடலிலிருந்து எடுக்கப்படுவது. யாழ், வில்யாழ் போன்ற இசைக்கருவிகளின் நரம்புகளாகப் பயன்பட்டது. 10ஆம் நூற்றாண்டில் கொர்தோபாவில் வாழ்ந்த அரபு மருத்துவர் அல்-சஹ்ராவி, குடலைத் தைக்க விலங்கின் குடலிலிருந்து எடுத்த நூலைப் பயன்படுத்தும் முறையை எழுதிவைத்தார். உடலுக்குள்ளேயே விட்டுவிடலாம், அது கரைந்துவிடும் என்ற அறிவின் தொடக்கம் அவ்வகை அனுபவத்தில்தான் இருந்திருக்கும். ஆனால் அவ்வறிவு ஐரோப்பிய அறுவை அறைகளில் வேரூன்றவில்லை. 1816இல் பிலடெல்பியா மருத்துவர் பிலிப் சிங் ஃபிசிக், தோல் நூல்கள் புண்ணில் கரைவதைக் கண்டு அவற்றால் குழாய்களைக் கட்டிப் பார்த்தார். பலர் ஏற்கவில்லை. நூல் எதுவாயினும் சீழ் பிடித்த காலம் அது. கரைந்ததா, அழுகியதா என்று பிரித்தறிய வழியில்லை.

அந்த வழியைத் திறந்தவர் ஜோசப் லிஸ்டர். குவேக்கர் குடும்பத்தில் பிறந்த இவர், 1865இல் கிளாஸ்கோ மருத்துவமனையில் காயங்களைக் கார்பாலிக் அமிலத்தால் தூய்மைப்படுத்தத் தொடங்கினார். சீழ் என்பது குணமாதலின் இயல்பான படி அன்று, வெளியிலிருந்து வரும் நுண்ணுயிர்களின் வேலை என்பது பாஸ்டரைப் படித்து அவர் கொண்ட முடிவு. சீழ் இல்லையென்றால் பழைய நூல் வழக்கமும் நிலைக்காது. கழன்று வரச் சீழ் வேண்டுமே! ஆகவே லிஸ்டர், கார்பாலிக்கில் நனைத்த பட்டு நூலால் குழாயைக் கட்டி, முனைகளை ஒட்ட நறுக்கி, புண்ணை மூடிவிட எண்ணினார். முதலில் ஒரு குதிரையின் கழுத்துத் தமனியில் செய்து பார்த்தார். 1868 சனவரியில் 51 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அவ்வாறே செய்தார். அவர் நலம்பெற்று நடமாடினார். ஆயினும் பத்து மாதங்களுக்குப் பின் வேறொரு குழாய் வெடித்ததால் இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தபோது, பட்டு நூலின் மிச்சம் இன்னும் அங்கிருந்தது. அதைச் சுற்றிச் சீழ் போன்ற சிறிது நீரும் இருந்தது. ‘வெற்றி’ என்று அறிவித்துவிட்டிருக்கக்கூடிய நிலை அது. லிஸ்டர் அப்படிச் செய்யவில்லை. அந்தச் சிறிது நீர் அவரை உறங்கவிடவில்லை போலும்.

அவ்வாண்டின் கடைசி நாளில், இலண்டனுக்கு அருகே உப்டனில் இருந்த தந்தையின் இல்லத்தில், ஒரு கன்றின் கழுத்துத் தமனியைக் கார்பாலிக்கில் ஊறிய குடல் நூல்களால் இரண்டிடங்களில் கட்டினார். உடன் இருந்தவர் அவருடைய மருமகன், மாணவராக இருந்த ரிக்மன் காட்லீ. ஒரு மாதம் கழித்துக் கன்று கொல்லப்பட்டுக் கழுத்துப் பகுதி லிஸ்டரிடம் வந்தது. அவர் அறுத்துப் பார்த்தார். நூல்கள் போட்டபடியே இருப்பதாக முதலில் தோன்றவே ஏமாற்றமடைந்தார். பின்னர் கூர்ந்து நோக்கினார். நூல் இருந்த இடத்தில், நூலின் வடிவத்திலேயே, உயிருள்ள தசைநார் வளையம் ஒன்று தமனியைச் சூழ்ந்து நின்றது! செத்த குடல் உயிர்த்தசையாக மாறிவிட்டது என்றே லிஸ்டர் கருதி 1869இல் எழுதினார். அம்முடிவு முற்றிலும் சரியன்று. உடலின் அணுக்கள் குடல் நூலைச் சிறிது சிறிதாகத் தின்று, தின்ற இடத்தில் தம் சொந்த இழைகளை நெய்துவிடுகின்றன என்று பின்வந்தோர் கண்டனர். ஆனால் கண்ட காட்சி உண்மையானது. நூல் போனது எப்போது, புதிய இழை வந்தது எப்போது என்று பிரிக்கமுடியாதபடி இரண்டும் ஒன்றாகவே நடந்திருந்தன.

குடல் நூலின் குறையும் விரைவில் வெளிப்பட்டது. வெறும் குடல் நூல் ஏழு முதல் பத்து நாளில் வலுவிழந்துவிடும். சிலர் உடலில் இன்னும் விரைவாக. கிருமி புகுந்த புண்ணில் மிக விரைவாக. வயிற்றுத் தையல் அதற்குள் ஒட்டிவிடுமா? லிஸ்டர் பல ஆண்டுகள் முயன்று, குரோமிக் அமிலத்தில் பதப்படுத்தினால் நூல் மெதுவாகக் கரையும் என்று கண்டு, 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்டார். வலு இரண்டு, மூன்று வாரங்கள் வரை நின்றது. ‘குரோமிக் கேட்கட்’ என்ற பெயர் நம் மருத்துவமனைச் செவிலியர்க்குப் பழக்கமானது. நம் தாய்மார் பலருடைய பேறுகாலத் தையல் அதனாலேயே போடப்பட்டது. பின்னர் மாடுகளுக்கு வந்த மூளைநோய் மனிதருக்கும் பரவக்கூடும் என்ற அச்சத்தால், 2001இல் பிரிட்டன் முதலிய ஐரோப்பிய நாடுகளில் குடல் நூல் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.

குடல் நூலுக்கு மாற்றாக வந்த பொருளின் கதை ஒரு மருந்துக்கடையில் தொடங்குகிறது. சுவீடன் நாட்டுச் சிற்றூரான ஷெப்பிங்கில் கடை நடத்திய கார்ல் வில்கெல்ம் சீலே, 1780இல் புளித்த பாலிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பாலில் கிடைத்ததால் அதற்கு லாக்டிக் அமிலம் என்று பெயர். நம் வீட்டுத் தயிரின் புளிப்பு அதுவே. நாம் ஓடிக் களைக்கும்போது தசைகளில் ஊறுவதும் அதுவே. இதே சீலேயும் அவருடைய நண்பர் கானும் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே எலும்பில் சுண்ணாம்பும் பாஸ்பரசும் சேர்ந்த உப்பு உள்ளதென்று காட்டியிருந்தார்கள். தயிரின் புளிப்பையும் எலும்பின் உப்பையும் ஒரே மனிதர் தொட்டிருக்கிறார். அவ்விரண்டையும் ஒன்றாகப் பிசைந்து எலும்பு முறிவுக்கு ஆணி செய்யும் காலம் வர இன்னும் இரு நூற்றாண்டுகள் ஆயின.

நைலானைக் கண்ட அமெரிக்க வேதியியலார் வாலஸ் கரோதர்ஸ், 1932இல் லாக்டிக் அமிலத்தின் அணுக்கூட்டங்களைச் சங்கிலியாகக் கோத்தார். இவ்வகைப் பொருள்கள் அன்று துணி நெய்ய உதவவில்லை, ஏனெனில் ஈரம் பட்டால் சங்கிலி அறுந்துவிடும். ஆலைக்காரருக்கு அது பெருங்குறை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது குறையாகவே கிடந்தது. 1966இல் குல்கர்ணியும் அவருடன் பணியாற்றிய அமெரிக்கப் படைத்துறை ஆய்வாளர்களும் அப்பொருளைக் கினிப் பன்றி, எலி ஆகியவற்றின் உடலில் வைத்து, நச்சுத்தன்மை இல்லை, மெல்லச் சிதைகிறது என்று காட்டினார்கள். உடலின் ஈரத்தில் சங்கிலி அறுந்தால் கிடைப்பது லாக்டிக் அமிலம். அதை எரித்துக் கரியமில வாயுவும் நீருமாக வெளியேற்ற உடல் ஏற்கெனவே அறியும். 1970களின் தொடக்கத்தில் ‘டெக்சான்’, 1974இல் ‘விக்ரில்’ என இக்குடும்பத்து நூல்கள் சந்தைக்கு வந்தன. வீடு கட்டுவோர் விலக்கிய கல் பற்றித் திருப்பாடல் கூறுவது இங்கே நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இந்த நூல்களால் ஒரு மாறுதலும் நேர்ந்தது. அதைப் பலர் கவனிப்பதில்லை. குடல் நூலை அகற்றியது உடலின் உயிரணுக்கள். செயற்கை நூலை அகற்றுவது நீர். எத்தனை நாளில் சிதைய வேண்டும் என்பதை வேதியியலார் ஆலையிலேயே குறித்துவிடலாம். விக்ரிலில் கிளைக்காலிக் பகுதி பத்தில் ஒன்பது, லாக்டிக் பகுதி பத்தில் ஒன்று. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் கரைந்துவிடும். விகிதத்தை மாற்றினால் நாளும் மாறும். எல்லா நோயாளிக்கும் ஒரே கடிகாரம். மெல்லிய தையலுக்கு இக்கடிகாரம் போதுமானதாக இருந்தது. எலும்புக்குச் சென்றபோதுதான் சிக்கல் எழுந்தது.

எலும்பு முறிவுக்கு எஃகுத் தகடும் திருகாணியும் வைத்துப் பூட்டுவது நாம் அறிந்தது. ‘காலில் பிளேட் இருக்கிறது’ என்று சொல்பவர் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. எலும்பு கூடிய பின் சிலருக்கு அதை எடுக்க மறுபடியும் அறுவை. வசதியுள்ளவர்க்கு அது ஒரு வார ஓய்வு. நாட்கூலிக்கு அது இன்னொரு கடன். ஆகவே, எலும்பு கூடியதும் தானே கரையும் ஆணி என்பது வெறும் அறிவியல் வேடிக்கை அன்று. 1984 நவம்பரில் எல்சிங்கி நகர மருத்துவர் பென்ட்டி ரொக்கானன், கணுக்கால் முறிவு ஒன்றைக் கரையும் ஆணிகளால் பொருத்தினார். அடுத்த ஆண்டு அதன் தொடக்கநிலை முடிவுகள் வெளிவந்தன. பின்வந்த ஆண்டுகளில், சில நோயாளிகளுக்கு இரண்டு மூன்று மாதங்களில் அவ்விடம் சிவந்து வீங்கி நீர் வடிந்தது. கிருமி எதுவும் இல்லை. ஆணி மிக விரைவாகச் சிதைந்து, அதன் அமிலத்தை உடல் வாரிக்கொள்ள இயலாமல் திணறியதே காரணம்.

அப்படியென்றால் மெதுவாகச் சிதையும் பொருளைப் பயன்படுத்தலாமே? நெதர்லாந்தில் குரோனிங்கன் மருத்துவர்கள் அதைத்தான் செய்தார்கள். லாக்டிக் அமிலத்தால் மட்டுமே ஆன தகடுகளைக் கன்ன எலும்பு முறிவுகளில் பொருத்தினார்கள். முறிவுகள் நன்றாகக் கூடின. நோயாளிகள் வீடு திரும்பி, மறந்தும்விட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் சிலர் கன்னத்தில் வீக்கத்துடன் வந்தார்கள். உள்ளே தகடு கரைந்துவிடவில்லை. நுண்ணிய படிகச் சில்லுகளாக நொறுங்கிக் கிடந்தது. இச்செய்தியை 1993இல் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டது பாராட்டுக்குரியது. நெல்சனின் நூல் நான்கு மாதம் தங்கிற்று. இது மூன்றாண்டுக்கு மேலும் தங்கிற்று.

இதயக் குழாயிலும் இவ்வரலாறு இன்னொரு முறை நடந்தது. அடைப்பைத் திறக்க வைக்கும் உலோக வலைக்குழல் வாழ்நாள் முழுதும் அங்கேயே இருக்கும். லாக்டிக் அமிலப் பொருளால் ஆன வலைக்குழலை 1998இல் ஜப்பானியர் மனிதருக்குப் பொருத்திப் பார்த்தனர். ‘அப்சார்ப்’ என்ற பெயருடைய குழலுக்கு 2016 ஜூலையில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. நம் நாட்டிலும் அதற்குமுன்பே அது விற்கப்பட்டது. உலோகத்தின் வலுவைப் பெறுவதற்காக அதன் கம்பிகளை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 150 பங்கு தடிமனாக்கியிருந்தார்கள்; அத்தடிமனே குருதி உறைய இடமளித்தது. உலோகக் குழலைக் காட்டிலும் அதில் உறைவு மிகுதி என்று தெரியவந்தது. 2017 செப்டம்பரில் விற்பனை நிறுத்தப்பட்டது. 2024இல் மெல்லிய கம்பிகளுடன் முழங்காலுக்குக் கீழுள்ள குழாய்களுக்காக வேறொரு கரையும் குழல் ஒப்புதல் பெற்றிருக்கிறது. அது பற்றித் தீர்ப்புச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.

இனி எலும்புக்கே திரும்புவோம். விடை அங்கேதான் கிடந்தது. எலும்பை அமிலத்தில் ஊறவைத்தால் உப்பு கரைந்து, வளைக்கக்கூடிய ரப்பர் போன்ற ஒன்று மிஞ்சும்; நெருப்பில் இட்டால் நார் எரிந்து, தொட்டால் உதிரும் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். கொலாஜன் என்னும் நாரும் சுண்ணாம்பு பாஸ்பேட்டு உப்பும் சேர்ந்ததே எலும்பு. எகிப்தில் இஸ்ரயேல் மக்களுக்கு வைக்கோல் தராமலே செங்கல் கேட்டான் பார்வோன். வைக்கோல் இல்லாத பச்சைச் செங்கல் பிளந்துவிடும் என்பதை அவன் அறியாதவன் அல்லன். மண்ணும் வைக்கோலும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடாமல், தத்தம் இயல்போடு ஒன்றையொன்று தாங்கி நிற்பதே கலப்புப் பொருளின் இலக்கணம். எலும்பில் அந்த ‘மண்’, சில நானோமீட்டர் தடிமனே உள்ள தகடுகளாக நார்களுக்கிடையே செருகப்பட்டிருக்கிறது. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எசேக்கியேல் கண்ட பள்ளத்தாக்கில் எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்த ஓசையை வாசித்திருக்கிறோம். ஓர் எலும்புக்குள்ளேயே இத்தனை பொருத்துகள் உண்டென்பதை மின்னணு நுண்ணோக்கி வந்த பின்னரே மனிதர் கண்டனர்.

‘நானோ கலப்புப் பொருள்’ என்ற சொல்லை 1980களின் தொடக்கத்தில் வழக்கிற்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ரஸ்டம் ராய். ராஞ்சியில் 1924இல் பிறந்து, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பொருளறிவியல் துறையைக் கட்டியெழுப்பியவர்; அறிவியலும் நம்பிக்கையும் பற்றி ஓயாது எழுதிய கிறிஸ்தவர். அவர் உருவாக்கியவை பெரும்பாலும் கனிமக் கலவைகள். அச்சொல்லின் கீழ் முதலில் புகழடைந்ததும் மருத்துவம் அன்று. ஜப்பானில் களிமண் நுண்தகடுகள் கலந்த நைலான், கார் எந்திர உறையாயிற்று. மருத்துவம் பின்னரே அதைப் பற்றிக்கொண்டது. கரையும் ஆணியில் எலும்பு உப்பின் நுண்துகள்களைக் கலந்தால் வலு கூடுகிறது. வெளிவரும் அமிலத்தை உப்பு தணிக்கிறது. துகள் நுண்ணிதாக ஆக, அது தொடும் பரப்பும் பெருகுகிறது. சீலேயின் இரு பொருள்கள் சந்தித்தது இங்கேதான்.

இதற்கும் மேலான ஒரு படியை ஜப்பானின் சுக்குபா நகரில் கிக்குச்சியும் உடன் பணியாற்றியோரும் 2001இல் வெளியிட்டார்கள். அவர்கள் செயற்கைப் பொருளை விட்டுவிட்டார்கள். விலங்கின் தோலிலிருந்து எடுத்த கொலாஜனையும், சுண்ணாம்பு நீரையும், பாஸ்பாரிக் அமிலத்தையும், சிறிது காரமான நீரில், 40 பாகை வெப்பத்தில், ஒருங்கே சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஏறத்தாழ உடலின் வெப்பமே. நானோ அளவுப் படிகங்கள் தாமாகவே கொலாஜன் நாரின் திசையில் வரிசையாக அமைந்துகொண்டன. யாரும் அடுக்கிவைக்கவில்லை. எடையில் ஐந்தில் நான்கு பங்கு உப்பு, ஒரு பங்கு நார் என எலும்பின் விகிதத்தை ஒட்டியது அது. பஞ்சு போன்ற வடிவில் செய்தபோது, நனைந்ததும் மருத்துவர் விரலால் அழுத்தி எலும்புக் குழியில் செருகக்கூடியதாயிற்று. 2013 முதல் ஜப்பானில் நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. சுமை தாங்க அது உதவாது; குழிகளை நிரப்பவே உதவும், தகடு தேவைப்படும் இடத்தில் தகடு வைத்தே ஆகவேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘மக்கும்’, ‘கரையும்’ என்ற சொற்களை ஆய்வுலகம் இன்று தாராளமாக வழங்குகிறது. கலப்புப் பொருளில் இருவர் இருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. பிசின் போய்விடும், அதில் கலந்த துகள்? வலுவுக்காகக் கார்பன் நுண்குழல்களைக் கலக்கும் முயற்சிகள் பல நடந்துள்ளன. எடின்பரோ ஆய்வாளர்கள், நீண்ட கார்பன் நுண்குழல்கள் எலியின் வயிற்றறைச் சவ்வில் கல்நார் செய்வதைப் போன்றே அழற்சி உண்டாக்குவதாக 2008இல் எழுதினார்கள். அத்தகைய துகள் கலந்த ஆணியைக் ‘கரையும் ஆணி’ என்று அழைப்பது, சட்டையைக் கழற்றிவிட்டு முள்ளை வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். அதேபோல, லாக்டிக் அமிலப் பிசின் சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் வருவதால் அது மண்ணுக்கும் கடலுக்கும் கேடற்றது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். வெப்பம் மிகுந்த உரக்கிடங்கில் அது விரைவில் மக்கும். குளிர்ந்த கடல்நீரில் நெடுங்காலம் கிடக்கும். தூக்கியெறியும் பண்பாட்டைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் விடுத்த சுற்றுமடலை வாசித்தவர்கள், ‘இயற்கையிலிருந்து வந்தது’ என்ற ஒரு சொல்லோடு மனநிறைவு கொள்ளமாட்டார்கள்.

விலங்கின் தோலுக்கும் மருத்துவத்துக்கும் உள்ள இவ்வுறவு நமக்குத் தொலைவானதன்று. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தோல் பதனிடுவதற்கான ஆய்வோடு நில்லாமல், கொலாஜன் படலங்களைத் தீப்புண்ணின் மேல் இடும் ஆய்விலும் நெடுங்காலம் ஈடுபட்டது. புண்ணின்மேல் படலத்தை இட்டு மூடினால், கீழே புதுத் தோல் வளர வளர மேலே அது உதிர்ந்துவிடும். திருமுழுக்கு யோவானைப் பற்றிய மறையுரைகளில் நாம் கேட்டுப் பழகிய குறைதலும் வளர்தலும், ஒரு தீப்புண் படுக்கையில் நடக்கும் நிகழ்ச்சி.

சுக்குபாவின் பொருளை எலிக்கும் நாய்க்கும் வைத்து, பின்னர் அவ்வெலும்பை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எலும்பில் இரு வகை உயிரணுக்கள் வாழ்நாள் முழுதும் வேலை செய்கின்றன. ஒருவகை பழைய எலும்பைக் கரைத்து அகற்றும்; மற்றொருவகை அந்த இடத்தில் புதியதைக் கட்டும். லாக்டிக் அமில ஆணியை இவை பொருட்படுத்துவதில்லை. அது தன் கடிகாரப்படி நீரால் சிதைகிறது. இந்த நானோ கலப்பையோ, கரைக்கும் அணுக்கள் எலும்பென்றே எண்ணி வந்து பற்றிக்கொண்டன. அவை அரித்த பள்ளங்களை ஒட்டியே, கட்டும் அணுக்கள் புது எலும்பை இட்டுக்கொண்டு வந்தன. எத்தனை நாளில் போகவேண்டும் என்று எவரும் அதற்குக் குறித்துக் கொடுக்கவில்லை. ஒவ்வோர் உடலும், புதியதைக் கட்டிய அளவுக்கே பழையதை விட்டது. உப்டனில் வளர்ந்த கன்றின் கழுத்தை அறுத்துப் பார்த்து, நூல் இன்னும் போகவில்லையே என்று லிஸ்டர் முதலில் ஏமாந்ததும் இதே காட்சியின் முன்னால்தான்.